ஜைத்தூன் மலைச் சந்திப்பு

பைத்துல் முகத்தஸ் நகரில், கிறிஸ்தவ உலகம் தலைமேற்கொண்டு போற்றும் ஆலயம் ஒன்றுண்டு. அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்கள் அதனைக் ‘கனீஸத்துல் கியாமா’, அதாவது உயிர்த்தெழுந்த ஆலயம் என அழைப்பர். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றி அவர்கள் கொண்ட நம்பிக்கை வேறு. நாம் கொண்ட நம்பிக்கை வேறு. அந்த வேற்றுமையை ஈண்டு விவாதிக்கப் புகவில்லை. அவ்வாலயத்தின் தலைவாயிலைப் பற்றியே ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

அத்தலைவாயிலின் சாவி ஜூதா என்னும் முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நுசைபா என்னும் மற்றொரு முஸ்லிம் குடும்பத்தாருடையது. தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் இது. உள்ளே கிரேக்கர், ரோமன் கத்தோலிக்கர், அர்மீனியர், சிரியர், கிப்தியர், ஹபஷா நாட்டார் என ஆறு பிரிவினர் தத்தமக்குரிய இடங்களிலும் வேளைகளிலும் வழிபடுகின்றனர். எந்தப் படியை எவர் பெருக்குவது, எந்த விளக்கை எவர் ஏற்றுவது என்பதெல்லாம் பழைய வழக்கத்தால் வரையறுக்கப்பட்டவை. 1852ஆம் ஆண்டில் உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் பிறப்பித்த ஆணை, அன்றைக்கு உள்ளதை உள்ளபடியே நிறுத்தி வைத்தது. முகப்புச் சாளரத்தின் கீழ் எப்போதோ சாத்திய மரஏணி ஒன்று, அதை எடுக்க எவருக்கு உரிமை என்ற முடிவு ஏற்படாமையால் இன்றளவும் அங்கேயே நிற்கிறது. 2008 நவம்பரில் கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் அவ்வாலயத்துக்குள்ளேயே கைகலந்தனர்; காவலர் நுழைந்து விலக்க நேர்ந்தது.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அதே நகரின் ஜைத்தூன் மலையில், 1964ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மாலை, வேறொரு காட்சி நிகழ்ந்தது. ரோமாபுரியின் போப்பாண்டவர் 6ஆம் பாலும், கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர்த் தலைவர் அதினாகோரஸும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அவ்விரு பீடங்களுக்கும் உரியவர்கள் நேருக்கு நேர் சந்தித்து ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அம்மலை அப்போது ஜோர்தான் ஆட்சியில் இருந்தது. போப்பாண்டவரை வரவேற்றவர் ஹுசைன் மன்னர். ஆக, பிரிந்த இரு கிறிஸ்தவத் தலைவர்கள் தழுவிக்கொண்டது ஒரு முஸ்லிம் அரசின் மண்ணில்.

பிறரோடு ஒரே மன்றத்தில் அமர்வதையே தன் மக்களுக்குத் தடை செய்திருந்த கத்தோலிக்கத் திருச்சபை, அந்தத் தழுவலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? தன் கொள்கையைக் கைவிட்டா? அன்று. பின் எதனைக் கைவிட்டு? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பிளவு பிறந்த கதை

கிறிஸ்தவ ஐக்கிய இயக்கத்தை மேனாட்டார் ‘எக்குமெனிக்கல்’ இயக்கம் என்பர். மக்கள் குடியிருக்கும் உலகைக் குறிக்கும் ‘ஒய்க்கூமெனே’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. அரபுக் கிறிஸ்தவர்கள் அதனை ‘மஸ்கூனி’ என அழகுற மொழிபெயர்த்தனர். ‘ஸகன’ என்றால் குடியிருந்தான். ‘மஸ்கன்’ என்றால் குடியிருப்பு. வீடு என்னும் பொருள் இரு மொழியிலும் உள்ளுறைந்து நிற்கிறது. ஆனால் அந்த வீடு இடிந்த கதை நெடியது.

1054ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ரோமாபுரியின் தூதரான கர்தினால் ஹம்பர்ட், கான்ஸ்டாண்டிநோபிளின் அயா சோபியா பேராலயத்துள் நுழைந்து, பேராயர்த் தலைவர் மிக்கேல் கெருலாரியஸைச் சபையிலிருந்து நீக்கும் ஓலையைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டு வெளியேறினார். பேராயர்த் தலைவரும் தூதர்களை நீக்கிப் பதிலிறுத்தார். தூதரை அனுப்பிய போப்பாண்டவர் 9ஆம் லியோ அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது இதில் விந்தை. பூசைக்குரிய அப்பம் புளித்த மாவினதா புளியாத மாவினதா, அவர்கள் கொள்ளும் தூய ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறதா குமாரனிடமிருந்துமா என்பன போன்ற வாதங்கள் முன்னின்றன. அவற்றின் பின்னே எவர் பெரியவர் என்னும் வினா நின்றது.

வாதத்தால் ஏற்பட்ட விரிசலை வாள் பிளவாக்கியது. நம்மீது படையெடுப்பதாகப் புறப்பட்ட நான்காம் சிலுவைப் படையினர், 1204ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் சமயத்தாரின் கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடினர். ஆலயங்களும் தப்பவில்லை. ஓலையை மறந்தாலும் அக்கொள்ளையைக் கீழைத் திருச்சபையார் மறக்கவில்லை. 2001 மே மாதம் ஏதென்ஸ் நகருக்குச் சென்ற போப்பாண்டவர் 2ஆம் ஜான் பால், அப்பழைய பாவத்துக்காக இறைவனிடம் மன்னிப்புக் கோரியபோது ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இடையில் ஒரு முறை ஒற்றுமை கையெழுத்தானதுண்டு. உதுமானியர் நெருங்கி வருவதைக் கண்ட கிரேக்கப் பேரரசர் 8ஆம் ஜான், மேற்கத்திய உதவியை நாடி இத்தாலிக்குச் சென்றார். 1439 ஜூலை 6ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நகரில் இரு சபைகளும் ஒன்றாயின என்று அறிவிக்கப்பட்டது. எபேசு நகரத்து ஆயர் மார்க் மட்டும் கையொப்பமிட மறுத்தார். ஊர் திரும்பியபோது மக்கள் கையொப்பமிட்டோரின் பக்கம் நிற்கவில்லை. மறுத்தவரின் பக்கமே நின்றனர். 1453இல் நகரை வென்ற சுல்தான் முஹம்மது அல்ஃபாதிஹ், அந்த ஒற்றுமையை எதிர்த்த அணியின் தலைவரான கென்னாடியஸ் என்பாரையே மறு ஆண்டு பேராயர்த் தலைவராக அமர்த்தினார். அச்சத்தால் தலைவர்கள் கையொப்பமிட்ட ஒற்றுமை மக்களின் உள்ளத்தில் வேரூன்றவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் எழுப்பிய குரலால் மேற்குச் சபையும் பிளந்தது. லூதரன், கால்வினியர், ஆங்கிலிக்கன், பின்னர் மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் எனக் கிளைகள் பெருகின. பிரிந்தோர் ஒருவரையொருவர் பழித்தனர், சிறையிலிட்டனர், தீயிலும் இட்டனர்.

மறுத்து நின்ற காலம்

ஒன்றுசேர வேண்டும் என்னும் எண்ணம் முதலில் வலுப்பெற்றது புராட்டஸ்டண்டுச் சபைகளிடையே. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியச் சபைத் தலைவர்கள், மேனாட்டுச் சண்டைகளை நம் நாட்டில் சுமப்பானேன் என்று கேட்டனர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த ஆயர் அசரியா அவர்களுள் முதல்வர். அம்முயற்சி கனிந்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர்.

இவற்றிலெல்லாம் கத்தோலிக்கர் கலக்கவில்லை. 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர்கள் இல்லை. 1919இல் அமெரிக்க ஆயர்கள் ரோமாபுரி சென்று அழைத்தபோது, போப்பாண்டவர் 15ஆம் பெனடிக்ட் அவர்களை அன்புடன் உபசரித்தார். அழைப்பை மட்டும் ஏற்க மறுத்தார். 1927இல் லோசான் நகரில் சபைகள் கூடிக் கொள்கைகளை ஆராய்ந்தன. மறு ஆண்டு ஜனவரியில் போப்பாண்டவர் 11ஆம் பயஸ் தம் சுற்றுமடலில், இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் பங்குகொள்ளலாகாது என அறிவித்தார். 1948இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் உலகச் சபைகளின் பேரவை பிறந்தபோதும், அனுமதியின்றி எவரும் செல்லலாகாது என்னும் எச்சரிக்கை ரோமாபுரியிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டது.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் கேட்பதே நடுநிலை. ஒற்றுமை எங்கோ தொலைந்துபோன பொருளன்று. அது எங்கள் திருச்சபையில் இன்றும் குறைவற இருக்கிறது. பிரிந்து போனவர் திரும்பி வருவதே ஒற்றுமை என்பது அவர்களின் வாதம். உண்மையைத் தராசிலிட்டுப் பேரம் பேசலாமா என்று அவர்கள் கேட்டனர். சத்தியம் தன்னிடமே என நம்பும் எந்தச் சமுதாயமும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. ஆதலின் அதனை வெறும் செருக்கென ஒதுக்குதல் நேர்மையாகாது.

தனித்து நின்ற சிலர்

மூடிய கதவின் உட்புறத்திலிருந்தே அதனை மெல்லத் தட்டியவர் சிலர் உண்டு. பெல்ஜிய நாட்டுக் கர்தினால் மெர்சியே, 1921 முதல் மாலீன் நகரில் தம் இல்லத்திலேயே ஆங்கிலிக்கன் அறிஞர்களுடன் உரையாடல் நடத்தினார். ஆங்கிலிக்கன் குருமாரின் திருநிலைப்பாடு செல்லாது என்று 1896இலேயே போப்பாண்டவர் 13ஆம் லியோ தீர்ப்பளித்திருந்தார். அத்தீர்ப்புக்குப் பின்னும் அவர் அவர்களை விருந்தினராக்கினார். 1926 ஜனவரியில் மரணப் படுக்கையில் கிடந்த மெர்சியே, தம்மைக் காண வந்த ஆங்கிலேயப் பெருமகன் ஹாலிஃபாக்ஸுக்குத் தம் ஆயர் மோதிரத்தை அளித்தார்.

பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரில் பால் கூத்துரியே என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார், பள்ளி ஆசிரியர். ரஷ்யாவிலிருந்து வந்த அகதிகளுக்குப் பணிபுரிந்தபோது, கீழைத் திருச்சபையாரின் பக்தியை அருகிருந்து கண்டார். ஆண்டுதோறும் ஜனவரியில் எட்டு நாள் ஒற்றுமைக்காக வேண்டும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆயினும் பிறர் கத்தோலிக்கராக மாற வேண்டும் என்பதே அவ்வேண்டுதலின் கருத்து. கூத்துரியே 1930களில் அதனை மாற்றினார். இறைவன் விரும்பும் ஒற்றுமையை, அவன் விரும்பும் வழியில் தருமாறு எல்லோரும் வேண்டுவோம் என்றார். இவ்வொரு மாற்றத்தால், பிரிந்திருந்தோர் அனைவரும் மனச்சான்று உறுத்தாமல் ஒரே வேண்டுதலில் சேர முடிந்தது.

ஈவ் கொங்கார் என்னும் பிரெஞ்சுத் துறவி 1937இல் பிரிந்த கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரிவினைக்குத் தம் சபையும் பொறுப்பு என்னும் கருத்து மேலிடத்துக்குக் கசந்தது. 1954இல் ஆசிரியப் பணியினின்று விலக்கப்பட்டு, முதலில் பைத்துல் முகத்தஸுக்கும் பின்னர் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பப்பட்டார். அவர் சபையைவிட்டு வெளியேறவில்லை, பொறுத்திருந்தார். பின்னாளில் அவர் கருத்துகளையே திருச்சபை தன் ஆவணங்களில் எழுதிக்கொண்டது. 1994இல் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். மறு ஆண்டு இறந்தார். பொறுமைக்கு இத்தகைய முடிவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

கதவு திறந்த ஆண்டுகள்

1958 அக்டோபரில் 23ஆம் ஜான் போப்பாண்டவரானார். அப்போது அவருக்கு வயது 76. முதியவர், சில காலம் சும்மா இருந்து செல்வார் எனப் பலர் எண்ணினர். ஆனால் அவர் பல்கேரியாவில் பத்தாண்டுக்காலமும், இஸ்தன்பூலில் 1935 முதல் 1944 வரையும் திருச்சபையின் தூதராக வாழ்ந்தவர். கீழைத் திருச்சபையாரையும் முஸ்லிம்களையும் நூல்களில் படித்து அறிந்தவரல்லர், அண்டை வீட்டாராகப் பழகி அறிந்தவர். பதவியேற்ற மூன்றாம் மாதத்தில், 1959 ஜனவரி 25ஆம் நாள், உலக ஆயர்கள் அனைவரும் கூடும் மகாசங்கத்தை அறிவித்தார். அதுவே இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

1960 ஜூனில் கிறிஸ்தவ ஒற்றுமைக்கென ஒரு தனிச் செயலகம் அமைத்து, அதன் தலைமையைக் கர்தினால் அகஸ்டின் பெயாவிடம் ஒப்படைத்தார். பெயா வேதநூல் ஆராய்ச்சியில் முதிர்ந்த ஜெர்மானியர், எண்பதை எட்டிக்கொண்டிருந்தவர். அவ்வாண்டு டிசம்பரில் காண்டர்பரிப் பேராயர் ஃபிஷர் ரோமாபுரிக்கு வந்து போப்பாண்டவரைக் கண்டார். 1961 நவம்பரில் உலகச் சபைகளின் பேரவை நம் நாட்டுப் புதுதில்லியில் கூடியபோது, ரோமாபுரி அதிகாரபூர்வமாக ஐந்து பார்வையாளர்களை அனுப்பியது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் செல்லாதீர் என்ற அதே வாய், இப்போது சென்று வாருங்கள் என்றது.

1962 அக்டோபர் 11ஆம் நாள் மகாசங்கம் தொடங்கியது. பிற சபைகளின் பார்வையாளர்களைக் கடைசி வரிசையில் ஒதுக்காமல், கர்தினால்கள் அமர்ந்த இடத்துக்கு அருகே இருத்தினர். சங்கத்தின் வரைவுகளை அவர்களுக்கும் கொடுத்தனர். வாரந்தோறும் கூடி அவர்கள் கருத்தைக் கேட்டனர். நேற்று வரை பிரிந்து போனவர் எனப் பட்டியலிடப்பட்டவர், இன்று வரைவைப் படித்துப் பிழை சொல்லும் விருந்தினராயினர். எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அவரைப் பற்றி மனம்போனபடி எழுத எவர்க்கும் கை வருவதில்லை அல்லவா?

23ஆம் ஜான் 1963 ஜூன் 3ஆம் நாள் மறைந்தார். அவருக்குப் பின் வந்த 6ஆம் பால் பணியைத் தொடர்ந்தார். 1964 நவம்பர் 21ஆம் நாள் கிறிஸ்தவ ஒற்றுமை பற்றிய ஆணையேடு 2137 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தோர் 11 பேர். கடைசி நேரத்தில் போப்பாண்டவர் செய்வித்த பத்தொன்பது திருத்தங்கள் பார்வையாளர்களை வருத்தியதும் உண்டு. எனினும் அவ்வேட்டில் மூன்று செய்திகள் நிலைத்துவிட்டன. பிரிவினைக்கு இரு தரப்பாரும் குற்றவாளிகள் என்பது முதலாவது. பிற சபைகளிலும் இறைவனின் நன்மைகள் செயற்படுகின்றன என்பது இரண்டாவது. கொள்கைகள் அனைத்தும் உண்மையாயினும், அவற்றுள் அடிப்படைக்கு அண்மையில் நிற்பனவும் சேய்மையில் நிற்பனவும் உண்டு என்பது மூன்றாவது. உஸூலையும் ஃபுரூஉவையும், வேரையும் கிளையையும் பிரித்துக் கற்ற நம் மதரஸா மாணவர்க்கு இம்மூன்றாவது செய்தி புதியதன்று.

அவ்வாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததுதான் ஜைத்தூன் மலைச் சந்திப்பு. அதினாகோரஸ், சகோதரரான பேதுருவும் அந்திரேயாவும் தழுவி நிற்கும் ஓவியமொன்றைப் போப்பாண்டவருக்கு அளித்தார். ஒருவர் ரோமாபுரிக்கு மூதாதை, மற்றவர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு மூதாதை என்பது அவர்கள் மரபு. மறு ஆண்டு, 1965 டிசம்பர் 7ஆம் நாள், ரோமாபுரியிலும் இஸ்தன்பூலிலும் ஒரே வேளையில் ஓர் அறிக்கை படிக்கப்பட்டது. 1054இன் நீக்க ஓலைகளைத் திருச்சபையின் நினைவிலிருந்தே அகற்றுகிறோம் என்பது அதன் சாரம். 1966 மார்ச்சில் காண்டர்பரிப் பேராயர் ராம்சே வந்தபோது, 6ஆம் பால் தம் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் அணிவித்தார். ஆங்கிலிக்கன் பட்டம் செல்லாது என்ற தீர்ப்பு அப்படியேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. தீர்ப்பு மாறாத நிலையிலும் மோதிரம் கைமாறியது.

நம்மைப் பற்றிய சொல்

இவ்வளவும் அவர்கள் வீட்டுக் கதை என நினைத்தல் வேண்டா. முஸ்லிம்களைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை தன் மகாசங்கத்தில் சொன்ன புதிய சொல், கர்தினால் பெயாவின் அதே செயலகத்தில்தான் உருவாயிற்று. யூதர்களைப் பற்றி ஓர் அறிக்கை ஆயத்தம் செய்யுமாறு 23ஆம் ஜான் பெயாவிடம் சொல்லியிருந்தார். அது முதலில் ஒற்றுமை பற்றிய ஏட்டின் ஓர் அத்தியாயமாகவே சங்கத்தின் முன் வந்தது. அரபு நாடுகளிலிருந்து வந்த கீழைக் கத்தோலிக்க ஆயர்கள், யூதரைப் பற்றி மட்டும் பேசினால் எங்கள் அண்டை வீட்டாரான முஸ்லிம்கள் என்ன நினைப்பர் என்று கேட்டனர். அதன் பயனாக அறிக்கை விரிந்து, தனியேடாகி, 1965 அக்டோபர் 28ஆம் நாள் 2221 வாக்குகளுக்கு 88 என்னும் கணக்கில் நிறைவேறியது.

முஸ்லிம்கள் ஏக இறைவனை வணங்குகின்றனர். இப்ராஹீம் நபியோடு தம்மை இணைத்துக்கொள்கின்றனர். மர்யம் அம்மையாரைக் கண்ணியப்படுத்துகின்றனர். தொழுகை, தர்மம், நோன்பு இவற்றைப் பேணுகின்றனர். ஆகவே அவர்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது. பழம்பகையை மறந்து இரு சாராரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயல வேண்டும் என்று அவ்வேடு கூறிற்று. சிலுவைப் போர்களை நடத்திய பீடத்திலிருந்து வந்த சொல் இது. அண்ணல் நபிகள் (ஸல்) அவர்களைப் பற்றி அவ்வேடு வாய் திறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் தம்முள் பிரிந்தோரோடு பேசக் கற்றவர்க்கே நம்மோடு பேசவும் மொழி கிடைத்தது என்பது கருதத்தக்கது.

2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவ உலகுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். அதனைப் போப்பாண்டவருக்கு மட்டும் அனுப்பாமல், கீழைத் திருச்சபை, ஆங்கிலிக்கன், லூதரன் முதலிய சபைத் தலைவர்கள் பலருக்கும் பெயர் குறித்தே அனுப்பினர்.

கிட்டியதும் கிட்டாததும்

அறுபது ஆண்டு முயற்சியின் பயன் என்ன? 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், மனிதன் இறையருளால் நீதிமானாவது எவ்வாறு என்னும் வினாவில் கத்தோலிக்கரும் லூதரன்களும் பொது உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். லூதர் காலத்தில் பிளவின் நடுப்பொருளாக நின்ற வினா அது. 2006இல் மெத்தடிஸ்டுகள் அதில் இணைந்தனர். பின்னர் ஆங்கிலிக்கன்களும் கால்வினிய மரபினரும் சேர்ந்துகொண்டனர்.

தமிழுக்குக் கிட்டிய பயனும் ஒன்றுண்டு. படைத்தவனைக் குறிக்கும் சொல்லிலேயே தமிழ்க் கிறிஸ்தவர் பிரிந்திருந்தனர். கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றனர். புராட்டஸ்டண்டார் ‘தேவன்’ என்றனர். முன்னவர்க்குச் ‘சேசு’, பின்னவர்க்கு ‘இயேசு’. ஒரே மொழி பேசும் இரு வீட்டார் ஒரே நூலை இரு மொழியில் ஓதுவதுபோல் இருந்தது அது. வேதநூலைப் பிரிந்த சகோதரரோடு சேர்ந்து மொழிபெயர்க்கலாம் என வத்திக்கான் சங்கம் இசைந்தது. 1968இல் அதற்கான நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 1995இல் இரு சாராரும் கூடிச் செய்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அதில் ‘கடவுள்’ என்ற எளிய தமிழ்ச் சொல்லே ஆளப்பட்டது.

கிட்டாதது இன்னும் பெரிது. கத்தோலிக்கத் திருச்சபை உலகச் சபைகளின் பேரவையில் இன்றும் உறுப்பாகவில்லை. பிரிந்தவர் ஒரே பலிபீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்வது பொதுவழக்காகவில்லை. போப்பாண்டவரின் தலைமையே ஒற்றுமைக்குத் தடை என்பதை உணர்ந்த 2ஆம் ஜான் பால், அத்தலைமையை எவ்வாறு நடத்தினால் ஏற்பீர்கள் என்று பிற சபையாரிடம் 1995இல் கேட்டார். எல்லோரும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ரோமாபுரி வெளியிட்ட ஓர் அறிக்கை, சீர்திருத்த மரபுச் சபைகளை முழுப் பொருளில் திருச்சபைகள் அல்ல எனக் கூறியது பலரைப் புண்படுத்தியது. ஆயினும் பேச்சு முறியவில்லை. அவர்கள் ஒன்றாகிவிடவில்லை, பகைப்பதைத்தான் விட்டனர். கைவிட்டது எதனை என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு விடை இதுவே. கொள்கையை விடவில்லை, மற்றவன் மட்டுமே குற்றவாளி என்னும் எண்ணத்தை விட்டனர்.

நம் வீட்டுக் கதவு

இனி நம் வீட்டை நோக்குவோம். ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) மக்கா சென்ற அந்தலுசிய நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், கஃபாவைச் சுற்றி ஒவ்வொரு மத்ஹபுக்கும் தனித்தனி இமாம் நின்று தொழுவித்ததைப் பதிவு செய்துள்ளார். மக்ரிபின் நேரம் குறுகியதாகையால் எல்லா இமாம்களும் ஒரே வேளையில் தொழுவிப்பர். எவருடைய தக்பீர் எவருக்கு என்று புரியாமல் பின்னிற்போர் தடுமாறுவர். ஒரே கிப்லா, ஒரே முற்றம், ஆனால் ஜமாஅத் வெவ்வேறு! 1920களில் ஹிஜாஸ் சவூதி ஆட்சிக்குள் வந்தபின்பே அங்கு ஒரே இமாமின் பின் தொழும் ஒழுங்கு ஏற்பட்டது.

நம் முன்னோர் இதற்கு மாறான வழியையும் காட்டியுள்ளனர். தம் முவத்தா நூலை நாடெங்கும் சட்டமாக்க விரும்பிய அப்பாசிய கலீஃபாவை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்னும் செய்தி நம் நூல்களில் வழங்கி வருகிறது. பல ஊர்களில் பரவிய நபித்தோழர்கள் பலவாறு கற்பித்திருக்க, ஒன்றையே திணிப்பது தகாது என்பது அன்னாரின் கருத்து. அண்மைக் காலத்தில், 1947இல் கெய்ரோவில் மத்ஹபுகளை நெருங்கச் செய்வதற்கென ‘தாருத் தக்ரீப்’ தோன்றியது. 1959இல், போப்பாண்டவர் மகாசங்கத்தை அறிவித்த அதே ஆண்டில், அல்அஸ்ஹரின் தலைவர் ஷைகு மஹ்மூது ஷல்தூத், ஜஅஃபரி மத்ஹபின்படி வணக்கம் புரிவது செல்லும் எனத் தீர்ப்பு வழங்கினார்.

நம் தமிழகத்திலோ கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் பலகாலம் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒருவர் பின் ஒருவர் தொழுது வாழ்ந்தவர்களே. பின் வந்த பூசல்களை நான் விவரிக்க வேண்டுவதில்லை. ஒரு தெருவில் இரண்டு பள்ளிவாசல். ஒரு மையித்துக்குக் கபரஸ்தானில் இடமில்லை என்னும் மறுப்பு. ஸலாமுக்குப் பதில் சொல்லாத முகங்கள். ஓர் ஊரில், ரமளான் மாதத்தில், இரு தரப்பாரின் சச்சரவால் பள்ளிவாசல் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்ததை இக்கண்களால் கண்டேன். சாவி வருவாய்த்துறை அதிகாரியிடம் இருந்தது. அவர் நல்லவர், முஸ்லிம் அல்லர். இஷாவுக்குப் பின் தராவீஹ் தொழ வந்த முதியவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினர். கனீஸத்துல் கியாமாவின் சாவி முஸ்லிம்களின் கையில் இருப்பதை வியந்து படித்த எனக்கு, அன்று அவ்வியப்பு நாணமாக மாறியது.

அந்த ஆலயத்தைப் பற்றிய மற்றொரு செய்தியோடு முடிக்கிறேன். அதன் நடுவேயுள்ள சிறு மண்டபம் இடிந்து விழும் நிலையில் நெடுங்காலம் இருந்தது. எவர் பழுது பார்ப்பது என்பதில் முடிவு இல்லை. 2016இல் கிரேக்கரும் கத்தோலிக்கரும் அர்மீனியரும் இசைந்து வேலையைத் தொடங்கினர். 2017 மார்ச்சில் மண்டபம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. சுவர் விழுந்தால் எல்லோர் தலையிலும் விழும் என்னும் அறிவு, வாதங்கள் தீர்வதற்கு முன்பே அவர்களை ஒன்றுசேர்த்தது.

நம் வாதங்கள் தீரும் நாளை அல்லாஹு தஆலாவே அறிவான். அதுவரை ஒருவர் ஜனாஸாவில் மற்றவர் நிற்கலாம். ஒருவர் மஜ்லிஸில் மற்றவரை விருந்தினராக இருத்தி, நம்மைப் பற்றி அவர் சொல்லும் குறையைக் கேட்கலாம். குற்றம் இரு பக்கமும் உண்டு என ஒப்பலாம். இவற்றுக்கு எந்த மத்ஹபும் தடையன்று. நம் பள்ளிவாசல்களின் சாவி நம் கையிலேயே இருக்க வல்ல நாயன் நல்லருள் புரிவானாக. ஆமீன்.